கன்னத்துப் புற்றை அகற்றியபின் சாய்சதுர ஃப்ளாப்: கோடு போடுவது முதல் தையல் பிரிப்பது வரை

கன்னத்தில் இருந்த பேசல் செல் புற்றை (ஒருவகைத் தோல் புற்று) வெட்டி எடுத்தாயிற்று. 2 செ.மீ. அகலத்தில் வட்டமான புண் நிற்கிறது. ஓரங்களை அப்படியே இழுத்துத் தைத்தால் கீழ் இமை இறங்கிவிடும். வேறு இடத்துத் தோலைக் கிராஃப்டாக வைத்தால் நிறமும் தடிமனும் ஒத்துவராது, ஒட்டுப்போட்ட துணிபோல் கடைசிவரை தெரியும். பக்கத்தில் தளர்ந்திருக்கும் கன்னத் தோலையே ரத்த ஓட்டத்தோடு நகர்த்தி மூடுவதுதான் இங்கே நல்ல வழி. இப்படி நகர்த்தும் தோலைத்தான் ஃப்ளாப் என்கிறோம். அதற்கு முதலில் கற்க வேண்டியது லிம்பெர்க் ஃப்ளாப், அதாவது சாய்சதுர ஃப்ளாப்.

அறுவை சிகிச்சைப் பயிற்சியில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். முதல் பத்து இருபது கேஸ்களை மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். இதுவரை நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை கத்தி வைக்கும் முன்பே நடந்தவை. அதனால் முன்னேற்பாட்டுக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. இந்தப் புண்ணை இன்றே மூடலாமா?

எந்த ஃப்ளாப் என்று யோசிப்பதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். ஃப்ளாப் போட்டுவிட்டால் புண்ணின் ஓரங்கள் இடம் மாறிவிடும். "மேல் ஓரத்தில் புற்று மிச்சம் இருக்கிறது" என்று பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தால் அந்த மேல் ஓரம் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். மிச்சப் புற்று நல்ல தோலுக்கு அடியில் மறைந்து வளரும். வெளியே தெரியும்போது ஆழமாகப் போயிருக்கும்.

பயாப்சியில் உறுதியான, ஓரம் தெளிவாகத் தெரிகிற, 2 செ.மீ.க்குள் இருக்கும் முதன்முறை பேசல் செல் புற்றுக்கு 4 மி.மீ. மார்ஜின் (புற்றோடு சேர்த்துச் சுற்றிலும் எடுக்கும் நல்ல தோல்) பெரும்பாலும் போதும். ஆபத்துக் குறைந்த ஸ்குவாமஸ் செல் புற்றுக்கு 4 முதல் 6 மி.மீ. வேண்டும். இவற்றில் ஃப்ரோசன் செக்‌ஷன் (எடுத்த திசுவை உடனே உறையவைத்து வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்த்துவிட்டு அன்றே மூடலாம். ஆனால் ஃப்ரோசன் செக்‌ஷன் ஓரத்தின் சில வெட்டுகளை மட்டுமே காட்டும். முழு ஓரத்தையும் பார்ப்பது மோஸ் முறை. அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

சில கேஸ்களில் அன்றைக்கே மூடக்கூடாது: திரும்ப வந்த புற்று, ஓரம் தெரியாமல் தழும்புபோல் பரவும் வகை, மெலனோமா, "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, மரத்துப்போகுது" என்று நோயாளி சொல்லும் இடம். கடைசியில் சொன்னது புற்று நரம்பைப் பிடித்துக்கொண்டு போவதன் அறிகுறியாக இருக்கலாம். இவர்களுக்குப் பாரஃபின் காஸ் வைத்துக் கட்டி அனுப்பிவிட்டு, இறுதி ரிப்போர்ட் வந்தபின் மூடுங்கள். காத்திருக்கும் நாட்களில் சுத்தமான புண் கெட்டுப்போய்விடாது. மூடும் நாளில் ஓரத்தைப் புதுப்பித்துக்கொண்டால் போதும்.

2. நோயாளியிடம் பேசுவதும் பார்ப்பதும்

முதல் வேலை, கண்ணாடியைக் கையில் கொடுத்து "எந்த இடம்னு நீங்களே தொட்டுக் காட்டுங்க" என்று கேட்பது. சின்னப் புற்றில் பயாப்சி எடுத்த இடம் சில வாரங்களில் ஆறிப்போய்ப் பக்கத்து மருவோடு குழம்பிவிடும். நம்மவர்களுக்குப் பேசல் செல் புற்று கறுப்பாகவே இருப்பது சகஜம் என்பதால் மச்சங்கள் நிறைந்த முகத்தில் இடம் மாற வாய்ப்பு அதிகம். பயாப்சி அன்று எடுத்த போட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது முகநரம்பு. புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள், கண்ணை இறுக மூடச் சொல்லுங்கள், பல்லைக் காட்டச் சொல்லுங்கள். பார்த்ததைக் குறித்து வையுங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டபின் நரம்பு தற்காலிகமாகச் செயலிழக்கும். முன்பே பார்க்கவில்லையென்றால் ஆபரேஷன் முடிந்து வாய் கோணும்போது காரணம் தெரியாது.

பிறகு கீழ் இமை. விரலால் மெல்லக் கீழே இழுத்து விடுங்கள். சட்டென்று கண்ணோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் அந்த இமை சிறிய இழுவையைக்கூடத் தாங்காது.

புகை, பீடி, சர்க்கரை, அந்த இடத்தில் முன்பு கதிர்வீச்சு கொடுத்தது ஆகிய நான்கையும் கேளுங்கள். இவை எல்லாமே ஃப்ளாப் நுனிக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்குப் பொதுவாக நிறுத்தத் தேவையில்லை. வார்ஃபாரின் என்றால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) பாருங்கள். இதய ஸ்டென்ட் வைத்தவரின் மாத்திரையை, எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

கடைசியாகத் தழும்பின் வடிவத்தைத் தாளில் வரைந்து காட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் கட்டுப் பிரிக்கும் நாளில் "ஒரு மச்சத்துக்கா டாக்டர் இவ்ளோ தையல்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. முன்பே சொல்லியிருக்க வேண்டியது நாம்தான்.

3. கைவசம் இருக்க வேண்டியவை

ஜென்ஷியன் வயலட் மார்க்கர், ஸ்டீல் ஸ்கேல், 15ஆம் எண் பிளேடு, இரண்டு ஸ்கின் ஹூக், நுனி மெல்லிய கத்தரி, பைபோலார் காட்டரி (ரத்தக்கசிவைச் சுட்டு நிறுத்தும் கருவி), உள்தையலுக்கு 4-0 அல்லது 5-0 விக்ரில் (தானே கரையும் நூல்), மேல் தையலுக்கு 6-0 நைலான். ஸ்கின் ஹூக் இல்லையென்றால் ஊசி நுனியை வளைத்துக்கூடச் செய்துகொள்ளலாம். பல்லுள்ள ஃபோர்செப்ஸால் ஃப்ளாப் நுனியைக் கவ்வுவதைவிட அது எவ்வளவோ மேல். கவ்விய இடத்தில் தோல் நசுங்கி, அந்த மூலைதான் முதலில் கறுக்கும்.

4. கோடு போடுதல்

இந்த வேலையின் உயிர் இங்கே இருக்கிறது. அவசரப்படாமல் படியுங்கள், தாளில் வரைந்துகொண்டே படியுங்கள்.

நோயாளியை உட்காரவைத்துக் கோடு போடுங்கள். படுத்தால் கன்னம் காதுப்பக்கம் சரிந்துவிடும்; சுருக்கங்கள் மறையும்; இமையின் உண்மையான நிலையும் தெரியாது. சிரிக்கச் சொல்லி, கண்ணைச் சுருக்கச் சொல்லி, சுருக்கக் கோடுகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்த்து லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே தோலைக் கிள்ளிப் பாருங்கள். அந்தத் திசையில்தான் தோல் அதிகம் விட்டுக்கொடுக்கும். அதை ஓர் அம்புக்குறியாகப் போடுங்கள்.

இப்போது புற்று. 12 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் 4 மி.மீ. விட்டு வட்டம் போட்டால் 20 மி.மீ. வரும். அந்த வட்டத்தைச் சுற்றிச் சாய்சதுரம். நான்கு பக்கமும் சமம். குறுங்கோணம் இரண்டும் 60 பாகை, விரிகோணம் இரண்டும் 120 பாகை. 20 மி.மீ. வட்டத்தைச் சுற்றிவர ஒவ்வொரு பக்கமும் சுமார் 23 மி.மீ. இருக்க வேண்டும்.

மூலைகளுக்கு வரிசையாக அ, ஆ, இ, ஈ என்று பெயர் வையுங்கள். அ, இ குறுங்கோணங்கள். ஆ, ஈ விரிகோணங்கள். ஆ-வையும் ஈ-யையும் சேர்ப்பது சிறிய மூலைவிட்டம். அதன் நீளமும் பக்கத்தின் நீளமும் ஒன்றே. அந்த மூலைவிட்டத்தை ஈ-க்கு அப்பால் அதே 23 மி.மீ. நீட்டி, முடியும் இடத்துக்கு உ என்று பெயர் வையுங்கள். உ-விலிருந்து ஈ–இ பக்கத்துக்கு இணையாக, அதே நீளத்தில், இ இருக்கும் பக்கமாக இன்னொரு கோடு. அது முடியும் இடம் ஊ. இ, ஈ, உ, ஊ நான்கும் சேர்ந்ததுதான் ஃப்ளாப். இ–ஊ அதன் அடி. அங்கே கத்தி படக்கூடாது, ரத்தம் வருவது அந்த வழியாகத்தான்.

நகர்த்தும்போது ஃப்ளாப்பின் ஈ மூலை ஆ-வுக்குப் போகும், உ நுனி அ-வுக்குப் போகும். ஃப்ளாப் எடுத்த இடத்தை மூட, புண்ணோரத்தில் நிற்கும் ஈ புள்ளியும் ஊ-வும் சந்திக்கும். இழுவை முழுவதும் விழுவது இந்த ஈ–ஊ சந்திப்பில்தான். வரைந்து பார்த்தால் ஒன்று தெரியும்: அ, ஈ, ஊ மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். ஆகவே இழுவையின் திசை அ–ஈ பக்கத்தின் திசையேதான்.

இதிலிருந்து கைக்கு எளிதான ஒரு விதி கிடைக்கிறது. சாய்சதுரத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை, முதலில் போட்ட அம்புக்குறிக்கு இணையாக வரையுங்கள். ஒரு சாய்சதுரத்திலிருந்து நான்கு ஃப்ளாப்கள் எடுக்கலாம். அவற்றில் இரண்டில்தான் இழுவை அந்த அம்புக்குறியோடு போகும். அந்த இரண்டில், தழும்பு கண்ணுக்குக் குறைவாகத் தெரிகிற, தோல் தளர்வான பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கீழ் இமைக்கு அருகில் என்றால் வேறு எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: ஈ–ஊ இழுவை இமை விளிம்புக்கு இணையாக, பக்கவாட்டில் போக வேண்டும். மேலும் கீழுமாகப் போனால் இமை வெளிப்புறமாகப் பிதுங்கும். நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு பாட்டிக்கு அப்படி நடந்தது. மேசையில் படுத்திருந்தபோது மிக அழகாகத் தெரிந்த மூடல் அது. மூன்றாம் வாரம் வந்தபோது கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. "வெயில்ல போனா மண்ணள்ளிப் போட்ட மாதிரி உறுத்துதுப்பா" என்றார். வாயைத் திறந்து மேலே பார்க்கச் சொன்னேன். இமை கண்ணைவிட்டு 2 மி.மீ. விலகி நின்றது. அதைச் சரிசெய்ய இன்னோர் ஆபரேஷன் தேவைப்பட்டது. அன்று முதல் கோடு போட்டதும் ஈ-யிலும் ஊ-விலும் விரலை வைத்துக் கிள்ளிச் சேர்த்து, "வாயைப் பெரிசாத் திறந்து மேல பாருங்க" என்று சொல்லி இமையைப் பார்க்காமல் நான் ஊசி எடுப்பதில்லை.

5. ஊசி

கோடு போட்ட பிறகுதான் ஊசி. மருந்து இறங்கினால் தோல் உப்பி, புற்றின் ஓரம் மங்கி, 4 மி.மீ. எது என்று தெரியாமல் போய்விடும். புதிதாக வருபவர்களில் பாதிப்பேர் இந்த வரிசையைத்தான் தலைகீழாக்குகிறார்கள். நோயாளி வலிக்காமல் படுத்திருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்வதுதான்.

அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன், கிலோவுக்கு 7 மி.கி. வரை. 2 சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 20 மி.கி. இருக்கிறது. 45 கிலோ எடையுள்ள மெலிந்த முதியவருக்கு 315 மி.கி., அதாவது 15 மி.லி.தான் உச்சம். கன்னத்துக்கு 8 முதல் 10 மி.லி. போதும். 1 சதவீதமாகக் கலந்துகொண்டால் பரவலாகப் போடக் கைக்கு வசதி. போட்டபின் குறைந்தது 10 நிமிடம் கடிகாரம் பார்த்துக் காத்திருங்கள். அட்ரினலின் வேலை செய்ய அந்த நேரம் வேண்டும்.

6. புற்றை எடுத்தல்

வட்டத்தை வெட்டுங்கள், சாய்சதுரத்தை அல்ல. மூலைகளில் உள்ளது நல்ல தோல்; மார்ஜின் தெளிவு என்று தெரிந்தபின் எடுத்தால் போதும். ஒருவேளை இன்னும் 3 மி.மீ. வெட்டச் சொன்னால் சாய்சதுரமே மாறிவிடும்.

கத்தி தோலுக்குச் செங்குத்தாக இருக்கட்டும். சாய்த்து வெட்டினால் மேலே 4 மி.மீ. இருக்கும், அடியில் 2 மி.மீ.கூட இருக்காது. எடுத்த திசுவைப் பாட்டிலில் போடும் முன் 12 மணித் திசையில் ஒரு தையல் போட்டு, படிவத்தில் ஒரு படமும் வரைந்து எழுதுங்கள். தையல் இல்லாத திசுவுக்கு "ஓர் ஓரத்தில் புற்று" என்று ரிப்போர்ட் வந்தால் எந்த ஓரம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஃப்ரோசன் ரிப்போர்ட் வரும்வரை ஃப்ளாப் கோட்டில் கத்தி வைக்காதீர்கள். "நேரம் இருக்கே, அதுக்குள்ள தூக்கிடலாம்" என்று தோன்றும். புண் பெரிதானால் தூக்கிய ஃப்ளாப் எட்டாது, வேறு ஃப்ளாப் எடுக்கத் தோலும் இருக்காது. ஃப்ளாப்பைத் தூக்கும்போது கத்தி, கையுறையை மாற்றிக்கொள்வது நல்ல பழக்கம்.

7. ஃப்ளாப்பைத் தூக்குதல்

இப்போது கோட்டை மறுபடி அளந்து பாருங்கள்; புண் வெட்டியதும் சற்று விரிந்திருக்கும்.

ஈ–உ, உ–ஊ இரண்டையும் முழுத்தோல் ஆழத்துக்கு வெட்டி, ஹூக்கால் நுனியைத் தூக்கி, கொழுப்பு அடுக்கிலேயே பிரித்துக்கொண்டு போங்கள். ஃப்ளாப்பின் அடியில் மஞ்சள் கொழுப்பு ஒரே தடிமனில் ஒட்டியிருக்க வேண்டும். தோலுக்கு அடியில் இருக்கும் ரத்த வலைதான் இந்த ஃப்ளாப்புக்கு உணவு. தனியாகப் பெயர்சொல்லும் தமனி இதற்கு இல்லை. நுனியில் கொழுப்பு இல்லாமல் மெலிந்து வெள்ளையாகத் தெரிந்தால் அந்த வலையையே அறுத்துவிட்டீர்கள் என்று பொருள். பயப்படுபவர்கள் எப்போதும் மேலே மேலே வருகிறார்கள், தவறு அங்கேதான் நடக்கிறது.

ஆழமாகப் போகவும் கூடாது. கன்னத்தில் முகநரம்பின் கிளைகள் எஸ்.எம்.ஏ.எஸ். எனும் முகத்தசைப் படலத்துக்கு அடியில் ஓடுகின்றன. கொழுப்பில் இருக்கும்வரை ஆபத்து குறைவு. நெற்றிப்பொட்டுப் பக்கத்தில் கன்ன எலும்பு வளைவைத் தாண்டும் இடத்தில் புருவத்துக்குப் போகும் கிளை மிக மேலோட்டமாக இருக்கிறது. தாடை விளிம்பில் கீழுதட்டுக்குப் போகும் கிளையும் அப்படியே. அங்கே கத்தியை விட்டுவிட்டுக் கத்தரியை நுழைத்து விரித்துப் பிரியுங்கள்.

ஃப்ளாப்பின் அடியைத் தாண்டியும், எடுத்த இடத்தின் இரு ஓரத்திலும், புண்ணின் சுற்றிலும் 1 முதல் 2 செ.மீ. பிரித்துவிட வேண்டும். புண்ணின் ஓரத்தைப் பிரிக்கத்தான் பலர் மறக்கிறார்கள். பிரிக்காத ஓரத்தில் தழும்பு வளையமாகச் சுருங்கி, ஃப்ளாப் தலையணைபோல் மேடாகிவிடும்.

ரத்தக்கசிவை பைபோலாரால் நிறுத்துங்கள். ஃப்ளாப்பின் தோலோரத்தைச் சுடாதீர்கள், அங்கே கசிவது நல்லதே. மூடும் முன் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மேசையில் 100 இருந்தவருக்கு வார்டில் 160 ஆகும்போது, அட்ரினலினும் வடிந்திருக்கும். மேசையில் கசியாதது அங்கே கசியும்.

8. தைக்கும் வரிசை

முதல் தையல் ஈ–ஊ. எப்போதும் இதுதான் முதல். 4-0 விக்ரிலை ஆழத்தில் போட்டு முடிச்சிடுங்கள். இழுவை முழுவதையும் இந்த ஒரு தையல் வாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஃப்ளாப் தானாகவே புண்ணுக்குள் போய் உட்கார வேண்டும். தள்ளி உட்காரவைக்க வேண்டியிருந்தால் எங்கோ போதுமான அளவு பிரிக்கவில்லை. திரும்பிப் போய்ப் பிரியுங்கள், தையலை இறுக்காதீர்கள்.

புதியவர்கள் முதலில் நுனியைத்தான் தைக்கிறார்கள். புண் மூடியதாகத் தெரிவது அந்த இடத்தில்தான் என்பதால் கை அங்கே போகிறது. அப்படித் தைத்தால் இழுவை முழுவதும் ஃப்ளாப்பின் மிகப் பலவீனமான இடமான நுனியில் தொங்கும். மூன்றாம் நாள் நுனி கறுக்கும்.

முடிச்சிட்டதும் இமையைப் பாருங்கள். பிறகு உ நுனி அ-வுக்கு, ஈ மூலை ஆ-வுக்கு. நுனியில் தையல் ஃப்ளாப்பின் தோலைத் துளைத்து வெளியே வரக்கூடாது. உள்தோலில் மட்டும் கிடையாக எடுத்து, எதிர்ப்பக்கத் தோலில் முடிச்சு விழட்டும். மூலையில் மீதியாக இருக்கும் நல்ல தோலை இப்போது பார்த்து நறுக்குங்கள். பக்கங்களுக்கு முதலில் சில உள்தையல்கள், மேலே 6-0 நைலான், ஓரங்கள் சற்று எழும்பி நிற்கும்படி.

இ மூலையில் ஒரு சிறு தோல்மேடு எழும். அடிப்பக்கத்தை நோக்கி அதை வெட்டினால் ஃப்ளாப்பின் உயிரை அறுப்பதாகும், எதிர்ப்பக்கமாக வெட்டலாம். சிறியதென்றால் விட்டுவிடுங்கள், சில மாதங்களில் தானே படியும்.

9. முதல் இரண்டு நாள்

தலையை உயர்த்திப் படுக்கவையுங்கள். கட்டு லேசாக இருக்கட்டும். 24, 48 மணி நேரத்தில் நீங்களே திறந்து பாருங்கள், நர்ஸ் சொன்ன "நல்லா இருக்கு சார்" போதாது.

மேசையில் ஃப்ளாப் வெளுத்திருப்பது அட்ரினலினாலும் இருக்கலாம். கறுத்த தோலில் விரலால் அழுத்தி நிறம் திரும்புவதைப் பார்ப்பதும் கடினம். சந்தேகம் இருந்தால் மெல்லிய ஊசியால் ஒரு குத்து. சிவப்பாக ஓரிரு துளி வந்தால் நிம்மதி. ஒன்றுமே வராவிட்டால் உள்ளே போகும் ரத்தம் போதவில்லை. கருநீல ரத்தம் உடனே பொங்கினால் வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது. அப்போது முதலில் இறுக்கமான தையல் ஒன்றிரண்டை எடுங்கள். அடியில் ரத்தம் கட்டி உப்பியிருந்தால் காத்திருக்கவே கூடாது, திறந்து அகற்றி மறுபடி தையுங்கள்.

நுனி கறுத்துவிட்டால் அவசரமாக வெட்டாதீர்கள். மேல்தோல் மட்டும் போய் அடித்தோல் பிழைத்திருப்பது உண்டு. எல்லை தெளிவாகும்வரை பாருங்கள்.

முகத்தில் தையல் 5 முதல் 7 நாளில் பிரித்துவிடலாம். தாமதித்தால் ஏணிப்படிபோல் தையல் தடம் நிற்கும்.

10. மற்ற இடங்கள் பற்றி ஒரு வார்த்தை

இதே கணக்கை முகம் முழுவதும் போடாதீர்கள். மூக்கு நுனியில் 1.5 செ.மீ. வரை உள்ள புண்ணுக்கு இரண்டு இதழ் ஃப்ளாப் பொருந்தும். அங்கே பிரிக்க வேண்டியது தசைக்கு அடியில், குருத்தெலும்பு உறைக்கு மேலே. உச்சந்தலையில் கேலியா (தலைத்தோலுக்கு அடியில் உள்ள உறுதியான படலம்) படலத்துக்கு அடியில். கண்ணின் உள்மூலைக் குழிவில் சிறிய புண்ணைத் தைக்காமல் ஆறவிட்டாலே பல சமயம் ஃப்ளாப்பைவிட நன்றாக இருக்கும். மூக்கின் பெரிய புண்ணுக்கு நெற்றி ஃப்ளாப். அதற்கு ரத்தம் கொண்டுவரும் காம்பைச் சுமார் 3 வாரம் கழித்துத் துண்டிக்க வேண்டும் என்பதால் நோயாளி அதற்குத் தயாரா என்று முதலிலேயே கேளுங்கள்.

கோணங்கள் கைக்குப் பழக, தோல் உரிக்காத கோழித் தொடையில் வரைந்து, வெட்டி, தைத்துப் பாருங்கள். ஈ–ஊ தையல் போட்டதும் ஃப்ளாப் தானே நகர்வதை ஒருமுறை கண்ணால் பார்த்தால் வரிசை மறக்காது.

11. தையல் பிரித்தபின்

இறுதி ரிப்போர்ட்டை நோயாளி கொண்டுவருவார் என்று காத்திருக்காதீர்கள். லேபுக்கு அனுப்பிய தேதியை நோட்டில் எழுதி, நீங்களே கேட்டு வாங்குங்கள். ஓரம் தெளிவு என்று எழுத்தில் பார்த்தபின்தான் கேஸ் முடிகிறது.

3, 4 வாரம் ஆனதும் விரலால் வட்டமாக அழுத்தித் தடவச் சொல்லுங்கள், நாளைக்கு இரண்டு மூன்று முறை. ஃப்ளாப் மேடாகத் தெரிந்தால் "சில மாசம் பொறுங்க" என்று சொல்லலாம். படியாவிட்டால் ட்ரையம்சினலோன் (ஸ்டீராய்டு மருந்து) ஊசி இருக்கிறது. வெயிலில் வேலை செய்பவர் என்றால் தழும்பு கறுக்காமல் இருக்கத் துண்டோ தொப்பியோ கட்டாயம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லுங்கள். வரும்போது தழும்பை மட்டும் பார்த்து அனுப்பிவிடாதீர்கள். ஒரு பேசல் செல் புற்று வந்தவருக்கு வேறு இடத்தில் இன்னொன்று வருவது உண்டு. காதின் பின்புறம், மூக்கின் ஓரம், தலைமுடிக்குள், கழுத்து என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்குவாமஸ் செல் என்றால் தாடைக்கு அடியிலும் காதுக்கு முன்னாலும் நெறிக்கட்டி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.